சிலைக்கூடத்தில் ஒரு விஞ்ஞான வகுப்பு



கறையானுக்கும் நடராசர் சிலைக்கும் என்ன தொடர்பு? வயல் மண்ணுக்கும் லண்டன் நீதிமன்றத்துக்கும் என்ன தொடர்பு? விடுகதை போலத் தோன்றும் இக்கேள்விகளுக்கு விடை நம் காவிரிப் படுகையிலேயே இருக்கிறது.

இன்றைய திருவாரூர் மாவட்டத்தில் பத்தூர் என்று ஓர் ஊர். அங்கே பாழடைந்து கிடந்த சிவன் கோயிலின் அருகே 1976-ல் ஒரு தொழிலாளி மண்ணைத் தோண்டியபோது நடராசர் சிலை ஒன்று கிடைத்தது. அது கைக்குக் கை மாறி, கடல் கடந்து, லண்டன் போய்ச் சேர்ந்தது. கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அதை விலைக்கு வாங்கியது. சீர்செய்வதற்காக அது பிரிட்டிஷ் மியூசியத்தில் கொடுக்கப்பட்டிருந்தபோது லண்டன் போலீசார் கைப்பற்றினர். வழக்கு நடந்தது. 1988-ல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியாயிற்று. 1991-ல் நடராசர் தாயகம் திரும்பினார்.

இந்த வழக்கில் ஒரு சிக்கல் இருந்தது. சோழ நாட்டில் நடராசர் சிலைகள் பல உண்டு. லண்டனில் இருக்கும் இந்தச் சிலைதான் பத்தூர் மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது என்பதை எப்படி நிலைநாட்டுவது? சிற்ப நடையை ஆராய்ந்த கலை வரலாற்று அறிஞர்கள் சாட்சி சொன்னார்கள். அவர்களோடு விஞ்ஞானமும் கூண்டில் ஏறியது. பத்தூரில் அதே இடத்தில் பின்னர் கிடைத்த மற்ற வெண்கலச் சிலைகளோடு இந்தச் சிலையின் உலோகம் ஒப்பிடப்பட்டது. சிலையின் மேல் ஒட்டியிருந்த மண் பத்தூர் மண்ணோடு ஒப்பிடப்பட்டது. சிலைமேல் கறையான் கட்டியிருந்த மண்தடங்கள்கூட ஆராயப்பட்டன. உலோகவியல், மண்ணியல், பூச்சியியல், வரலாறு, சட்டம் ஆகிய ஐந்து துறைகளும் ஒரே ஒரு சிலையின் முன் கூடி நின்றன!

இதை வைத்து நான் உங்களிடம் ஒரு கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். கலைப்பொருள்களைச் சேர்த்து வைத்திருக்கும் கூடங்கள் ஓவியருக்கும் வரலாற்று ஆசிரியருக்கும் மட்டும் உரியவை அல்ல. அவை இயற்பியல் மாணவனுக்கும், வேதியியல் மாணவிக்கும், உயிரியல் படிப்பவருக்கும் உரிய ஆய்வுக்கூடங்கள். அவற்றை அப்படித் திறந்து வைக்க வேண்டும்; நாமும் அப்படி நுழைய வேண்டும். இதனால் நம் படிப்பு வளரும் என்பது ஒரு நன்மை. அந்தச் சிலைகளே காப்பாற்றப்படும் என்பது அதைவிடப் பெரிய நன்மை.

இன்று நடப்பது என்ன? பள்ளிச் சுற்றுலாப் பேருந்து தஞ்சாவூர் அரண்மனை வாசலில் நிற்கிறது. மாணவர்கள் இருவர் இருவராகக் கலைக்கூடத்துக்குள் போகிறார்கள். "தொடாதே, வரிசையில் போ" என்ற குரல் கேட்கிறது. அரை மணி நேரத்தில் மறு வாசல் வழியே வெளியே வந்து விடுகிறார்கள். பெயர்ப்பலகையில் தெய்வத்தின் பெயர், நூற்றாண்டு, கிடைத்த ஊர் ஆகிய மூன்று செய்திகளே காணப்படுகின்றன. எடை என்ன, எந்த உலோகம் எத்தனை பங்கு, உள்ளே கனமா கூடா என்று ஒரு மாணவன் கேட்டால், பலகையில் விடை இல்லை. கேட்கலாம் என்ற எண்ணமே நமக்குத் தோன்றாதபடி பாடங்களுக்கு நடுவில் சுவர் எழுப்பி வைத்திருக்கிறோம். அந்தச் சுவரைத் தாண்டினால் என்ன கிடைக்கும்? சில எடுத்துக்காட்டுகளைப் பார்ப்போம்.

மெழுகு கற்பிக்கும் அடர்த்தி

கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலையில் ஸ்தபதிகள் இன்றும் சிலை வார்க்கிறார்கள். முதலில் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்த மெழுகில் சிலையை உருவாக்குவார்கள். அதன்மேல் காவிரியின் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி, பிறகு பருமனான மண்ணைப் பூசி, கம்பியால் கட்டி உலர்த்துவார்கள். வரட்டி நெருப்பில் சூடேற்றினால் மெழுகு உருகி வெளியேறும். உள்ளே வெற்றிடம் இருக்கும். அதில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள். ஆறியபின் மண்ணை உடைத்தால் சிலை. ஒரு கருவில் ஒரே ஒரு சிலைதான் பிறக்கும்.

எவ்வளவு உலோகம் உருக்க வேண்டும்? குறைந்தால் சிலை ஊனமாகும். மிகுந்தால் விறகும் உழைப்பும் வீண். ஸ்தபதி மெழுகுச் சிலையைத் தராசில் நிறுத்து, அந்த எடையைப்போல் சுமார் எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் எடுத்துக் கொள்கிறார். இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது?

நீங்களே போட்டுப் பாருங்கள். தேன்மெழுகின் அடர்த்தி ஒரு கன செ.மீட்டருக்குச் சுமார் 0.96 கிராம். வெண்கலத்தின் அடர்த்தி சுமார் 8.8 கிராம். மெழுகு இருந்த இடத்தை அப்படியே உலோகம் நிரப்புவதால் இரண்டின் பருமனும் ஒன்றே. ஆகவே எடைகளின் விகிதம் அடர்த்திகளின் விகிதமே ஆகும். 8.8-ஐ 0.96-ஆல் வகுத்தால் 9.2 கிடைக்கும். 2 கிலோகிராம் மெழுகுச் சிலைக்கு ஏறத்தாழ 18 கிலோகிராம் உலோகம் வேண்டும். உலோகம் ஓடும் குழாய்களில் தங்குவதற்கும் சிறிது சேர்த்துக் கொள்ள வேண்டும்.

12-ம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் பெயரில் எழுந்த மானசோல்லாசம் என்ற வடமொழி நூல், செம்புக்கும் பித்தளைக்கும் மெழுகைப்போல் எட்டு அல்லது பத்து மடங்கு, வெள்ளிக்குப் பன்னிரண்டு மடங்கு, பொன்னுக்குப் பதினாறு மடங்கு என்று கூறுகிறது. செம்பின் அடர்த்தி சுமார் 9, வெள்ளியின் அடர்த்தி 10.5, தங்கத்தின் அடர்த்தி 19.3. வரிசை சரியாக இருக்கிறது. ஆனால் தூய தங்கத்துக்குக் கணக்குப்படி இருபது மடங்கு வரவேண்டுமே, ஏன் பதினாறு? தங்கத்தோடு வேறு உலோகம் கலந்தால் அடர்த்தி எப்படி மாறும் என்று கண்டுபிடியுங்கள். பழைய நூல் ஒன்றின் ஒரே வரியிலிருந்து ஓர் இயற்பியல் கணக்குப் பிறந்து விட்டது பாருங்கள்!

வீட்டிலும் ஒரு சோதனை செய்யலாம். பித்தளைக் குத்துவிளக்கின் உச்சியில் இருக்கும் அன்னத்தைக் கழற்றி, நூலில் கட்டி, வில் தராசில் தொங்கவிட்டு எடையைக் குறியுங்கள். பிறகு அது முழுவதும் நீரில் மூழ்கும்படி தொங்கவிட்டு எடையைக் குறியுங்கள். காற்றில் 850 கிராமும் நீரில் 750 கிராமும் காட்டினால், குறைந்தது 100 கிராம். 850-ஐ 100-ஆல் வகுத்தால் 8.5. அதுதான் அந்த உலோகத்தின் ஒப்படர்த்தி. உள்ளே காற்றுக் குமிழி தங்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

சாய்ந்து நிற்பவர் விழாதது ஏன்?

பூம்புகாருக்கு அருகில் உள்ள திருவெண்காட்டில் 1950-களின் தொடக்கத்தில் மண்ணுக்கடியிலிருந்து சில வெண்கலச் சிலைகள் கிடைத்தன. அவற்றுள் சிறந்தது ரிஷபவாகன தேவர். முதலாம் இராசராசன் காலத்தது. அதனோடு தொடர்புடைய கல்வெட்டு 1011-ம் ஆண்டைச் சேர்ந்தது. இன்று அது தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. சிவபெருமான் ஒரு காலைக் குறுக்கே வைத்து, காளையின்மேல் கையை ஊன்றியவாறு நிற்கிறார். காளையைத்தான் காணோம்! ஊன்றுவதற்கு ஒன்றுமில்லாமல், அவர் ஓய்வாகச் சாய்ந்து நிற்பதாகவே நம் கண்ணுக்குப் படுகிறது.

ஈர்ப்பு மையத்தைப் பற்றிப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். இச்சிலையின் படத்தை அட்டையில் ஒட்டி, ஓரமாகக் கத்தரித்து எடுங்கள். ஏதேனும் ஒரு புள்ளியில் ஊசியால் குத்தித் தொங்கவிட்டு, அதே ஊசியிலிருந்து ஒரு தூக்குநூலும் தொங்கட்டும். நூல் செல்லும் கோட்டை அட்டையில் வரையுங்கள். இன்னொரு புள்ளியிலும் இவ்வாறே செய்யுங்கள். இரு கோடுகளும் வெட்டும் இடமே அட்டையின் ஈர்ப்பு மையம். அங்கிருந்து நேர் கீழாக ஒரு கோடு இழுத்தால், அது பாதங்களுக்கு எவ்வளவு அருகில் விழுகிறது? நடராசர் படத்தை வைத்தும் செய்யுங்கள். ஒரே காலில் நிற்கும் அந்த உருவத்தில், தூக்கிய இடது காலை ஈடுசெய்ய எந்தக் கை எந்தப் பக்கம் நீண்டிருக்கிறது என்று கவனியுங்கள். அட்டைக்குத் தடிமன் ஒன்றே. சிலைக்கு அப்படி இல்லை. ஆகவே உங்கள் விடை தோராயமானது. எந்த அளவுக்குத் தோராயமானது என்று யோசிப்பதும் விஞ்ஞானமே.

இவை தேர்களிலும் தோள்களிலும் உலா வந்த உற்சவ மூர்த்திகள் என்பதை மறவாதீர்கள். குலுங்கும் பல்லக்கில் சாயாமல் நிற்பதற்குப் பீடம் அகன்றும் கனத்தும் இருக்க வேண்டும். அழகுக்கும் நிலைப்புக்கும் ஸ்தபதி ஒரே சமயத்தில் விடை கண்டிருக்கிறார்.

ஈயத்தின் கைரேகை

சோழர் காலச் சிலைகளைப் பகுத்தாய்ந்தால் பெரும்பங்கு செம்பு. அடுத்து வெள்ளீயமும் காரீயமும். காரீயம் சேர்த்தால் உலோகக் குழம்பு எளிதில் ஓடி, விரல் நுனி, நகை வேலைப்பாடு முதலிய நுண்ணிய இடங்களையும் நிரப்பும். இந்தக் காரீயத்துக்குள் ஒரு கடிகாரமும் ஒரு முகவரியும் ஒளிந்திருக்கின்றன.

காரீயத்துக்கு நான்கு நிலையான ஐசோடோப்புகள் உண்டு. அவற்றுள் ஈயம்-204 கதிரியக்கச் சிதைவால் உண்டாவதில்லை. ஈயம்-206 யுரேனியம்-238-லிருந்தும், ஈயம்-207 யுரேனியம்-235-லிருந்தும், ஈயம்-208 தோரியம்-232-லிருந்தும் தோன்றுகின்றன. ஒரு சுரங்கத்துத் தாது எப்போது உருவாயிற்று, அதன் பக்கத்தில் எவ்வளவு யுரேனியமும் தோரியமும் இருந்தன என்பதைப் பொறுத்து இந்த நான்கின் விகிதமும் மாறும். உருக்கினாலும் வார்த்தாலும் அந்த விகிதம் மாறாது. ஆகவே அது ஒரு கைரேகை.

டாக்டர் சாரதா சீனிவாசன் பம்பாய் ஐ.ஐ.டி.யில் பொறியியல் இயற்பியல் படித்தவர், பரதநாட்டியக் கலைஞர். நூற்றுக்கும் மேற்பட்ட தென்னிந்திய உலோகச் சிலைகளிலிருந்து மிகச் சிறு துகள்களை எடுத்து, ஈய ஐசோடோப்புகளையும் நுண்தனிமங்களையும் அளந்து, 1999-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பல்லவர், சோழர், விசயநகரத்தார் காலச் சிலைகளை உலோகத்தைக் கொண்டே வகைப்படுத்த இது வழிகாட்டியது. சென்னை மியூசியத்தின் வெண்கலங்களைக் கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகளும் சேதமில்லாச் சோதனை முறைகளால் ஆராய்ந்திருக்கிறார்கள். அணு உலையின் குழாயில் விரிசல் தேடும் கலையும் ஆயிரம் ஆண்டுச் சிலையை அறியும் கலையும் உடன்பிறப்புகள் எனலாம்!

சிலந்தி அறிஞரும் வேதியியல் அறிஞரும்

இது புதிய யோசனை என்று எண்ண வேண்டாம். சென்னை அருங்காட்சியகத்தின் தென்னிந்திய உலோகத் திருமேனிகளுக்கு 1932-ல் ஒரு பட்டியல் நூல் வெளிவந்தது. அதை எழுதியவர்கள் இருவர். ஒருவர் தொல்பொருள் அறிஞர் டி. என். இராமச்சந்திரன். மற்றவர் அப்போது மியூசியத்தின் தலைவராயிருந்த எப். எச். கிரேவ்லி. அவர் விலங்கியல் அறிஞர். வண்டுகளையும் சிலந்திகளையும் ஆராய்ந்தவர். சிலந்தியின் காலில் உள்ள மயிரைக் கூர்ந்து நோக்கி இனம் பிரித்துப் பழகிய கண், சிலையின் அணிகலன்களையும் மடிப்புகளையும் நோக்கி வகை பிரித்தது!

அதே மியூசியத்தில் 1930-ல் வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் ஒன்று தொடங்கியது. அங்கே பணியாற்றிய டாக்டர் எஸ். பரமசிவன் வெண்கல நோய்க்கு மருத்துவம் பார்த்தார். ஆம், வெண்கலத்துக்கும் நோய் உண்டு. மண்ணிலும் கடற்காற்றிலும் உள்ள உப்பின் குளோரைடு செம்போடு சேர்கிறது. பிறகு ஈரமும் ஆக்சிஜனும் பட்டால் வெளிர் பச்சைப் பொடி பூக்கிறது. அப்போது உண்டாகும் அமிலம் மேலும் செம்பைத் தின்கிறது. இப்படியே விட்டால் சிலை பொடியாகி உதிரும். பரமசிவன் சிலையை எதிர்மின்வாயாக வைத்து மின்பகுப்பு செய்தார். குளோரைடு அயனிகள் நேர்மின்வாயை நோக்கிச் சென்று விட்டன. பத்தாம் வகுப்பில் நீங்கள் வரையும் மின்பகுப்புப் படம் இதுவே. கடலோரத்தில் வாழும் நமக்கு இது வெறும் பாடமன்று. நம் வீட்டு ஜன்னல் கம்பியைத் தின்னும் அதே உப்புக் காற்றுதான் நம் ஊர்க் கோயிலின் செப்புத் திருமேனியையும் தொடுகிறது.

எலும்பு எண்ணும் கலை

காரைக்கால் என்றதும் மாங்கனித் திருவிழா நினைவுக்கு வரும். அம்மையாரின் சோழர் கால வெண்கல உருவங்கள் இரண்டு இன்று அமெரிக்காவில், நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியத்திலும் கன்சாஸ் நகரத்து நெல்சன்-அட்கின்ஸ் மியூசியத்திலும் இருக்கின்றன. கையில் தாளத்துடன் அமர்ந்திருக்கும் மெலிந்த பேயுருவம். கழுத்தெலும்பும் விலா எலும்பும் துருத்தித் தெரியும். அப்படத்தை உங்கள் உயிரியல் நூலின் எலும்புக்கூட்டுப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சிற்பி எதை உள்ளபடி காட்டினார், எதைத் தன் கருத்துக்காக மாற்றினார்? உடல் மெலியும்போது எந்தத் தசை முதலில் மறைகிறது?

இத்தகைய பயிற்சிக்குப் பலன் உண்டா? அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் தோல் மருத்துவப் பேராசிரியர் இர்வின் பிரேவர்மனும் கலைக்கூடத்தின் கல்விப் பொறுப்பாளர் லிண்டா பிரீட்லேண்டரும் 1998-ல் மருத்துவ மாணவர்களை ஓவியக்கூடத்துக்கு அழைத்துச் சென்றார்கள். ஓர் ஓவியத்தின் முன் நின்று, கண்ணுக்குத் தெரிவதை மட்டும் விவரிக்க வேண்டும், ஊகம் கூடாது. பிறகு நோயாளிகளின் படங்களைக் கொடுத்துச் சோதித்தபோது, இப்பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலான விவரங்களைக் கண்டார்கள். 2001-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் இது வெளியாயிற்று. நோயைக் காணும் கண்ணை ஓவியம் கூர்மையாக்கியது!

தரங்கம்பாடியிலிருந்து ஒரு பெட்டி

நான் வாழும் பூவம் காரைக்காலின் வட எல்லை ஊர். நண்டலாற்றைக் கடந்து வடக்கே சைக்கிள் மிதித்தால் தரங்கம்பாடி வந்துவிடும். 1706-ல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்குவின் பெயரை அறிவீர்கள். அவரை அனுப்பியவர்களோடு தொடர்புடைய கல்வி நிலையம் ஜெர்மனியின் ஹாலே நகரில் இருந்தது. அதை நிறுவிய பிராங்கே 1698-லேயே தம் பள்ளி மாணவர்கள் கண்ணால் கண்டு கற்பதற்காகக் கலைப்பொருளும் இயற்கைப் பொருளும் சேர்ந்த ஓர் அறையைத் தொடங்கியிருந்தார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் பொருள்கள் வந்தன; தரங்கம்பாடியிலிருந்தும் கப்பலில் சென்றன. ஓலைச்சுவடிக்குப் பக்கத்தில் சங்கு, சிற்றுருவத்துக்குப் பக்கத்தில் கோளங்களின் மாதிரி என்று கலையும் விஞ்ஞானமும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. பின்னர் 1730-களில் கிரண்ட்லர் என்ற ஓவியர் அவற்றை அலமாரிகளில் ஒழுங்குபடுத்தினார். அந்த அறையை இன்றும் ஹாலேயில் காணலாம்.

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் கடற்கரைப் பொருளைக் கொண்டு எங்கோ ஒரு பள்ளிப் பிள்ளை பாடம் படித்தான். அதே கடற்கரையில் பிறந்த பிள்ளை தன் ஊர்ப் பொருளைக் கண்ணாடிக்குப் பின்னால் அரை நிமிடம் பார்த்துவிட்டு நகர வேண்டுமா?

எதிர்வாதங்கள்

இக்கருத்தைச் சொன்னால் சிலர் மறுப்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயமும் உண்டு.

"கலையை எடையாகவும் விகிதமாகவும் மாற்றினால் அழகு என்ன ஆவது?" என்பது ஒரு கேள்வி. சிலையை முதலில் அளந்தவன் விஞ்ஞானி அல்லன், ஸ்தபதியே. உத்தம தசதாளம் என்ற அளவில் ஓர் உருவம் 124 அங்குலங்களாகப் பகுக்கப்படுகிறது. நெற்றிக்கு இவ்வளவு, மூக்குக்கு இவ்வளவு என்று தென்னை ஓலையில் மடித்துக் குறித்துக் கொண்டுதான் அவர் மெழுகைத் தொடுகிறார். அளவு அழகைக் கெடுப்பதானால் அந்தச் சிலை பிறந்தே இருக்காது.

"வழிபடும் திருமேனியை ஆராய்ச்சிப் பொருளாக்கலாமா?" என்பது அடுத்தது. வழிபாட்டில் உள்ள திருமேனியை யாரும் தொட வேண்டியதில்லை. மியூசியத்தில் உள்ளவையும், அவற்றின் நகல்களும், நல்ல புகைப்படங்களும் நமக்குப் போதும்.

"சிலைக்குச் சேதம் வருமே!" என்று காப்பாளர்கள் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் சரியானது. ஒரு சிறு துகள் எடுப்பதும் ஒரு காயமே; அதை அறிஞர்கள் தக்க அனுமதியோடு ஒருமுறை செய்து, முடிவை எல்லோருக்கும் தர வேண்டும். எக்ஸ் கதிர் ஒளிர்வு முறையில் துகள் எடுக்காமலே தனிமங்களை அறியலாம். மாணவர்களுக்கு வேண்டியது சிலை அன்று, சிலையைப் பற்றிய எண்கள்.

"பாடத்திட்டத்துக்கே நேரமில்லை" என்பது ஆசிரியர்களின் கவலை. நானும் ஆசிரியன், இக்கவலையை அறிவேன். ஆனால் மேலே சொன்ன அடர்த்தி, ஈர்ப்பு மையம், மின்பகுப்பு, ஐசோடோப்பு எல்லாம் பாடத்திட்டத்தில் உள்ளவையே. புதுப்பாடம் எதுவும் சேர்க்கச் சொல்லவில்லை. இரும்புக் குண்டுக்குப் பதில் வெண்கலச் சிலையை எடுத்துக்காட்டாக வைத்துக் கொள்ளலாம் என்கிறேன்.

செய்ய வேண்டியவை

மியூசியங்களும் கலைக்கூடங்களும் ஒவ்வொரு முக்கியமான சிலையின் பக்கத்திலும் உயரம், எடை, உலோக விகிதம், செய்த சோதனைகள் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும். கையால் தூக்கிப் பார்க்கவும் அளக்கவும் சுவாமிமலையில் வார்த்த நகல் சிலைகள் சிலவற்றை ஒரு தனி அறையில் வைக்க வேண்டும். மெழுகுக் கரு, மண் அச்சு, பாதி உடைத்த அச்சு, முடிந்த சிலை என்ற நான்கு நிலைகளும் அங்கே இருந்தால் எத்தனை நன்றாயிருக்கும்! பள்ளிகள் ஐந்து ஊர் பார்க்கும் சுற்றுலாவுக்குப் பதில், ஒரே கூடத்தில் ஒரு முழு நாள் தங்கட்டும். தமிழாசிரியரும் விஞ்ஞான ஆசிரியரும் சேர்ந்து அழைத்துச் செல்லட்டும்.

இதில் நம் ஆர்வம் மட்டுமன்றி நம் சொத்தும் அடங்கியிருக்கிறது. புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் புகைப்படம் எடுத்துச் சேர்த்து வைத்தது. படம் எடுத்தவர்கள் கலை ஆராய்ச்சிக்காக எடுத்தார்கள். பல ஆண்டுகளுக்குப் பின் சிலைகள் திருடப்பட்டு வெளிநாட்டு மியூசியங்களில் தோன்றியபோது, அந்தப் படங்களே சான்றாக நின்றன. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் சுமார் 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. திருட்டு என்று தெரியவந்தபின் 2014-ல் அது இந்தியாவுக்குத் திருப்பித் தரப்பட்டது. பதிவு உள்ள சிலைக்கு வழக்காட ஒரு வழி இருக்கிறது. படமும் இல்லை, எடையும் இல்லை, அளவும் இல்லை என்ற சிலை போனால் போனதுதான். எதைக் காட்டி "இது எங்களுடையது" என்று கேட்பது?

திருட்டுக்கு அஞ்சிப் பல ஊர்த் திருமேனிகள் பாதுகாப்பு மையங்களில் பூட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. பூட்டு அவசியம். ஆனால் பூட்டு மட்டும் போதாது. ஒரு சிலையை நன்றாக அறிந்தவர் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை காவலர்கள் அதற்கு இருக்கிறார்கள். அதன் அங்கங்களை அளந்து வரைந்த மாணவி, அது எந்த நாட்டுக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாலும் அடையாளம் கண்டு கொள்வாள்.

ஆகவே, நண்பர்களே, அடுத்த முறை சென்னை எழும்பூருக்கோ தஞ்சாவூருக்கோ போகும்போது ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் எடுத்துச் செல்லுங்கள். எல்லாச் சிலைகளையும் பார்க்க வேண்டாம். ஒன்றின் முன் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். கண்ணில் பட்டதை எழுதுங்கள். அதன் எடையை ஊகித்துப் பாருங்கள். எந்தப் பகுதி பச்சை படிந்திருக்கிறது, எந்தப் பகுதி தேய்ந்திருக்கிறது, ஏன் என்று கேளுங்கள். பிறகு அங்குள்ள காப்பாளரிடம் பணிவாகச் சென்று, "ஐயா, இதன் உலோக விகிதம் என்ன?" என்று கேளுங்கள். நூறு மாணவர்கள் கேட்டால் பெயர்ப்பலகையில் நான்காவது வரி ஒன்று கட்டாயம் எழுதப்படும்.